சாவடியில் நின்ற பதினோரு வண்டிகள்

அத்தியாயம் ஏழு

ஐந்தாம் நாள் காலையிலும் சாரல் விடவில்லை.

செங்கோட்டைக் கடைத்தெருவில் தங்கத்தாய் நீட்டிய காசுக்குப் போன வாரம் ஒரு படி சின்ன வெங்காயம் கிடைத்தது. இன்றைக்கு அரைப்படிதான். அதுவும் தோல் கழன்ற பழைய சரக்கு.

"என்ன அண்ணாச்சி, இப்பிடிக் கொறைச்சுப் போடுதிய?"

"நானா தாயி கொறைக்கேன்? கெழக்கேயிருந்து உள்ளியே வரலை. சரக்கெல்லாம் சாவடியில நிக்கி. உங்க வீட்டுக்காரரு மூங்கிலைத் தூக்கினா நான் படி நெறைய அளந்து போடுதேன்."

கடைக்காரர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தங்கத்தாயால் சிரிக்க முடியவில்லை. வாங்கியதை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தாள்.

அங்கிருந்து ஒன்றரை மைலில் சுங்கச் சாவடி. சாலையின் குறுக்கே ஒரு மூங்கில். மூங்கிலுக்கு மேற்கே சமஸ்தானம், கிழக்கே வெள்ளைக்காரன் சீமை. கிழக்குப் பக்கத்தில் பதினோரு மாட்டு வண்டிகள் அவிழ்த்துப் போட்டபடி கிடந்தன. அத்தனையும் சின்ன வெங்காயம். அத்தனையும் தங்கத்தாயின் அப்பா சொரிமுத்து, ஆலங்குளத்துப் பக்கத்துச் செவக்காட்டிலிருந்து தன் பொறுப்பில் ஏற்றிக்கொண்டு வந்தது. நாலு வண்டி அவருடையது. மீதி ஏழு, அவரை நம்பிக் கொடுத்த அக்கம்பக்கத்துக்காரர்களுடையது.

கொல்லத்து ஓணச் சந்தைக்குப் போகவேண்டிய சரக்கு அது. வண்டிகள் எல்லைக்கு வந்த சமயம் பார்த்து, சமஸ்தானம் புதிதாக ஒரு கட்டணம் போட்டது. மலைப்பாதைக் கட்டணம், மூட்டைக்கு எட்டணா. அப்படி ஒன்றை வாங்கச் சட்டத்தில் இடமில்லை என்று தென்காசி வக்கீல் துல்கர்னைன் சொன்னார். கட்டாதீர்கள், கட்டினால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று தென்காசி வியாபாரிகள் நாலு பேர் வந்து தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். சொரிமுத்து கட்டவில்லை. மூன்றாம் நாள் அந்த வியாபாரிகளின் வண்டிகள் சத்தமில்லாமல் கட்டணத்தைக் கட்டிவிட்டு மலை ஏறிப் போய்விட்டன.

மூங்கிலுக்கு மேற்கே, சமஸ்தானத்துப் பக்கம் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் சாவடி ரைட்டர் சுந்தரபாண்டியன், சொரிமுத்துவின் மருமகன். எல்லை தாண்டிப் பெண் கொடுத்தபோது ஊரில் யார் யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்பது இந்தக் கதையோடு கூடவே வருகிறவர்களுக்குத் தெரியும். அவர்களெல்லாம் இப்போது என்ன பேசிக்கொள்வார்கள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

சாவடி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே வாடை வந்துவிட்டது.

நனைந்த சாக்கும் அழுகின வெங்காயமும் சேர்ந்த வாடை. வண்டிகளுக்கு நடுவில் உலகம்மை குத்தவைத்து உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்துக் கொட்டிப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். புருஷனை இழந்தவள். பதினோரு வண்டியில் இரண்டு அவளுடையது. செய்தி கேட்டு நேற்றுத்தான் ஊரிலிருந்து வந்திருந்தாள்.

"இங்கேரு தங்கம்," என்று ஒரு கை அள்ளிக் காட்டினாள். வெங்காயத்தின் தலையில் பச்சைப் பசேலென்று முளை விரல் நீளத்துக்கு வந்திருந்தது. "இந்த மழை ஊர்ல பேஞ்சிருந்தா கெணறாவது நெறைஞ்சிருக்கும்."

"அப்பா எங்க சித்தி?"

"அந்தா, வக்கீலு வருவாருன்னு ரோட்டைப் பாத்துக்கிட்டு நிக்காரு. ராத்திரி பூரா ஒரு வண்டித் தார்ப்பாயை இழுத்து இன்னொண்ணுல போடுதாரு, அதை இழுத்து இதுல போடுதாரு. பதினோரு வண்டிக்கு ஆறு பாய் எப்பிடிக் காணும்?"

தங்கத்தாய் தூக்குச்சட்டியைத் திறந்து அப்பாவிடம் நீட்டினாள். இட்லியும் துவையலும். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உலகம்மைக்குக் குடு. நேத்துல இருந்து அவ ஒண்ணும் தின்னலை."

"உங்களுக்கும் சேத்துத்தான் கொண்டாந்தேன்."

"அந்தச் சாவடிச் சம்பளத்துச் சோறு எனக்கு எறங்காதுட்டி." குரலில் கோபமில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. "இன்னைக்கு ஒரு நாளு. வக்கீலு போட்ட மனுவைக் குத்தாலத்துல பெரிய அதிகாரி கேக்காரு. நீயும் வா. மாப்பிள்ளையும் பதிவேட்டோட வரணுமாம். எனக்கும் அவருக்கும் பேச்சு இல்ல. நடுவுல ஒரு ஆள் வேணும்லா?"

அவள் மூங்கிலுக்கு அடியில் குனிந்து இந்தப் பக்கம் வந்தாள். சுந்தரபாண்டியன் நீலக் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். நாலு நாளாக வீட்டுக்கு வரவில்லை. கண் இரண்டும் சிவந்து கிடந்தது.

"அப்பா என்னையும் கூப்புடுதாவ."

"வா." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ஆனா ஒண்ணு. அன்னைக்கு அந்தியில நடந்ததைப் பத்தி அங்கன வாயைத் தொறக்காத."

அவளுக்குப் புரிந்தது.

நோட்டீஸ் ஒட்டிய நாளுக்கு முந்தின நாள் அந்தி. விளக்கு ஏற்றவில்லை. சுந்தரபாண்டியன் வேகமாக வீட்டுக்கு வந்து, "உங்கப்பா வண்டி வந்துட்டுட்டி, பதினோரு வண்டி," என்று சிரித்த முகமாகச் சொன்னான். அவளும் அவசரமாகச் சோறு பொங்கி அப்பாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அப்போது சாவடிச் சுவரில் ஒரு காகிதமும் இல்லை. மூங்கில் மட்டும் வழக்கத்துக்கு முன்பே இறங்கியிருந்தது. காலையில் திறந்துவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் படுத்தார்கள். காலையில் நோட்டீஸ்தான் ஒட்டியிருந்தது.

"பதிவேட்டுல என்ன எழுதியிருக்கிய?"

"காலம்பற ஆறு மணின்னு."

"ஏன்?"

"மேல உள்ளவரு வாயாலதான் சொன்னாரு. 'வாசலை மூடு, காலையில காயிதம் வருது, அதுவரைக்கும் எதையும் விடாத, எழுதாத'ன்னாரு. எழுத்துல ஒண்ணும் இல்ல. இப்பம் கேட்டா நான் அப்பிடிச் சொல்லவே இல்லம்பாரு." அவன் பதிவேட்டைத் துணியில் சுற்றினான். "வண்டி அந்தியிலேயே வந்துட்டுன்னு சொன்னா பொய்யா எழுதினவன் நானு. சொல்லாட்டா மாமாவைக் கெடுத்தவன் நானு. எந்தப் பக்கம் போகச் சொல்லுத?"

பதிலுக்கு நிற்காமல் அவன் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தான்.

குற்றாலத்தில் சீசன் கூட்டம். ஈரத்தலையும் எண்ணெய்ப் பளபளப்புமாக ஜனங்கள் அருவியிலிருந்து வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தார்கள். சமஸ்தானத்துச் சுங்கப் பெரிய அதிகாரி பத்து நாளாக அங்கே ஒரு பங்களாவில் தங்கியிருந்தார். பத்து மணிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். பத்தரைக்கு அவர் குளிக்கப் போயிருப்பதாகச் சேவகன் சொன்னான். பதினொன்றேகாலுக்கு வந்தார்.

ஐம்பது வயதிருக்கும். தோளில் காய்ந்த துண்டு, நெற்றியில் சந்தனம். வந்ததும் வக்கீலுக்கு நாற்காலி போடச் சொன்னார். சொரிமுத்துவைப் பார்த்து, "நனைந்திருக்கிறீரே, உள்ளே வாரும்," என்றார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. தங்கத்தாய் வராந்தாத் தூணோரம் நின்றுகொண்டாள். கதவு திறந்தே இருந்தது. உள்ளே பேசுவது எல்லாம் கேட்டது.

வக்கீல் துல்கர்னைன் கறுப்புக் கோட்டை உதறி இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"எஜமான் அவர்களுக்குத் தெரியாததில்லை. உப்பு, புகையிலை, சாராயம் மாதிரி சிலது தவிர மற்றச் சரக்குக்கு இந்த எல்லையில் வரி கிடையாது என்று இரண்டு சர்க்காருக்கும் பழைய உடன்படிக்கை இருக்கிறது. வெங்காயத்துக்கு வரி போட இடமே இல்லை."

"இது வரியல்லல்லோ," என்றார் அதிகாரி. "கட்டணம். மலைப்பாதைக்கு."

"பெயரை மாற்றிவிட்டால் ஆயிற்றா? சரி, பாதைக்கென்றே வைத்துக்கொள்வோம். காலி வண்டிக்குக் கட்டணம் உண்டுங்களா?"

"காலி வண்டிக்கு இல்லை."

"வைக்கோல் வண்டிக்கு?"

"இல்லை."

"அப்படியானால் பாதையைத் தேய்க்கிறது சக்கரமா, வெங்காயமா?"

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். "நல்ல பாயிண்ட்," என்று சொல்லிப் பேனாவை எடுத்துக் காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

சொரிமுத்து திரும்பி வராந்தாவைப் பார்த்தார். "எழுதிட்டாவ," என்று உதட்டை மட்டும் அசைத்தார். ஐந்து நாளில் அந்த முகத்தில் தங்கத்தாய் பார்த்த முதல் வெளிச்சம் அது.

"நான் ஒன்று கேட்கட்டுமா?" என்றார் அதிகாரி. "கொப்பரைக்கு முன்பிருந்த விலையில் பாதி இன்றைக்கு இல்லை. குருமிளகும் அப்படியே. கஜானாவுக்குப் பணம் எங்கிருந்து வரும்? மழைக்கு மழை மலை சரிந்து பாதை அடைகிறது. மண் வாருகிறவனுக்குக் கூலி வேண்டாமா? எட்டணாவைக் கொடுக்கப்போவது எங்கள் ஊரில் வெங்காயம் வாங்கித் தின்கிறவன். அவனே கொடுக்கிறான் என்றால் உங்களுக்கு என்ன சேதம்?"

வக்கீல் வாயைத் திறப்பதற்குள் சொரிமுத்து மடியிலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்தார். மை கரைந்து நீலமாகப் பரவியிருந்தது. கொல்லத்துக் கமிஷன் கடைக்காரர் எழுதியது.

"இதைப் படிங்க எஜமான். மூட்டைக்கு எட்டணாவை என் வெலையில கழிச்சிட்டாரு. பிந்தி வருததுக்கு இன்னும் ரெண்டணா. வெள்ளிக்கிழமை தாண்டினா சரக்கே வேண்டாமாம். பாலக்காட்டுப் பக்கத்துல இருந்து ரயில்ல வருதாம்." அவர் கார்டை மேசைமேல் வைத்து ஓரத்தை நீவிவிட்டார். "அங்கன தின்னுதவனும் கூடத்தான் குடுக்கான். எம் மக இன்னைக்குச் செங்கோட்டையில ரெட்டை வெலைக்கு வாங்கியிருக்கா. இங்கன வெளைய வச்சவனும் கொறைச்சுத்தான் வாங்குதான். கட்டிட்டுப் போனா வண்டி வாடகைக்கே காணாது. கட்டாம நின்னா அழுகுது. நான் என்ன செய்யணும்னு எஜமான்தான் சொல்லணும்."

வெளியே அருவிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அதிகாரி கார்டை இரண்டு தடவை படித்தார். "சரி, மனசிலாயி, புரிந்தது," என்றார் மெதுவாக. "நீர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் இந்தக் கட்டணம் செல்லுமா செல்லாதா என்று தீர்க்க எனக்கு அதிகாரம் இல்லை. மேலே எழுதுகிறேன்."

"பதில் எப்பம் வரும் எஜமான்?"

"ஒரு மாதம். கூடிப்போனால் இரண்டு."

"உள்ளி ஒரு வாரம் தாங்காதே!"

"அதற்கு நான் என்ன செய்ய?" அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

வக்கீல் விடவில்லை. "கட்டணம் செல்லும் என்றே இருக்கட்டும் எஜமான். அது அமலுக்கு வந்தது நான்கு நாளைக்கு முன்னால் காலையில். இவர் வண்டி வந்தது அதற்கு முந்தின நாள் சாயந்தரம். பழைய விதிப்படி அப்போதே விட்டிருக்க வேண்டும். ரைட்டரைக் கேளுங்கள்."

சுந்தரபாண்டியன் முன்னால் வந்தான். பதிவேட்டைப் பிரித்தான். விரல் வரியில் ஓடிய சத்தம்கூடத் தங்கத்தாய்க்குக் கேட்டதுபோல் இருந்தது.

"வண்டி பதினொண்ணு. காலை ஆறு மணி."

"பதிவேட்டைக் கேட்கவில்லை," என்றார் வக்கீல். "உம்மைக் கேட்கிறேன். முந்தின நாள் அந்தியில் இந்த வண்டிகளை நீர் பார்த்தீரா இல்லையா?"

"பதிவேட்டுல உள்ளதுதாங்க."

"பார்த்தீரா?"

"பதிவேட்டுல உள்ளதுதான்."

சொரிமுத்து மருமகனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நரைத்த பிடரியில் மழைத்தண்ணீர் இன்னும் காயவில்லை. தங்கத்தாய் அந்தப் பிடரியையே பார்த்தாள். தூணைப் பிடித்திருந்த கை எப்போது விட்டது, கால் எப்போது வாசற்படி ஏறியது என்று அவளுக்கே தெரியாது.

"அந்திக்கே வந்துட்டு."

எல்லோரும் திரும்பினார்கள்.

"யாரு?" என்றார் அதிகாரி.

வக்கீல் தயங்கினார். "பெரியவர் மகள். ரைட்டர் சம்சாரம்."

இனி நிறுத்த முடியாது. நிறுத்தினாலும் சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது. தங்கத்தாய் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். "வெளக்கு ஏத்தலை எஜமான். அதுக்கு முன்னாடியே வந்துட்டு. இவுகதான் வீட்டுக்கு வந்து எங்கிட்டச் சொன்னாவ. நான் சோறு கொண்டுபோயி எங்கப்பாவுக்குக் குடுத்தேன். பதினோரு வண்டியும் மூங்கில்கிட்டத்தான் நின்னுச்சு. அன்னைக்குச் சொவத்துல ஒரு நோட்டீசும் ஒட்டலை. இவுக மேல தப்பு இல்ல. மேல உள்ளவர் மூடச் சொன்னதாலதான் மூடுனாவ."

அவள் யாரையும் பார்க்கவில்லை. சுந்தரபாண்டியன் பதிவேட்டின் அட்டையைப் பிடித்திருந்த கைவிரல்கள் மட்டும் கண்ணில் பட்டன. நகங்கள் வெளுத்திருந்தன.

வக்கீல் உற்சாகமாக, "கேட்டீர்களா எஜமான்!" என்றார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகப் பேசினார்.

"அம்மா, நீ சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆனால் வண்டி எப்போது வந்து நின்றது என்பது கணக்கல்ல. எப்போது மூங்கிலைக் கடக்கிறது என்பதுதான் கணக்கு. கடக்கிற நேரத்தில் என்ன விதியோ அதுதான் விதி. அந்தியில் வந்தாலும் சரி, அதற்கு ஒரு மாதம் முன்னால் வந்தாலும் சரி."

"வாசலை வேண்டுமென்றே முன்னால் மூடினால்கூடவா?" என்றார் வக்கீல்.

"வாசலை எப்போது மூடுவது என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை, வக்கீல் ஸார். தேடிப் பாருங்கள். நானும் தேடிப் பார்த்தேன்."

துல்கர்னைன் மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

ஆக, அவள் சொன்னது ஒரு வெங்காயத்தைக்கூட மூங்கிலைத் தாண்டவிடவில்லை.

அதிகாரி காகிதங்களை அடுக்கிக் கட்டினார். எல்லோரும் முடிந்தது என்று கிளம்பும்போது, "ரைட்டர்," என்றார். குரலில் அதுவரை இருந்த இதம் இல்லை. "வண்டி அந்தியில் வந்திருந்தால் பதிவேட்டில் அது ஏன் இல்லை?"

சுந்தரபாண்டியன் பதிவேட்டை மூடி மார்போடு பிடித்துக்கொண்டான்.

"மூடச் சொன்ன மேலதிகாரி யாரு? எழுத்தில் இருக்கிறதா?"

"இல்லைங்க."

"பதிவேட்டை இங்கே வைத்துவிட்டுப் போம்."

அவன் வைத்தான். அதைச் சுற்றிக் கொண்டுவந்த துணியை மட்டும் மடித்துக் கையில் எடுத்துக்கொண்டான்.

திரும்பும்போது இரண்டு வழியாகப் பிரிந்தார்கள். வக்கீல் மேல்முறையீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே தென்காசிக்குப் புறப்பட்டார். சொரிமுத்துவும் அவருடைய குதிரை வண்டியிலேயே ஏறினார். தென்காசிச் சந்தையிலாவது சரக்கைத் தள்ளிவிட முடியுமா என்று பார்க்க. சுந்தரபாண்டியன் யாரிடமும் சொல்லாமல் நடந்தே சாவடிக்குப் போனான். தங்கத்தாய் அவனுக்கு இருபதடி பின்னால் நடந்தாள். அவன் வேகத்தைக் கூட்டவும் இல்லை, நிற்கவும் இல்லை.

நாலு மணிக்குச் சொரிமுத்து சாவடிக்கு வந்து சேர்ந்தார்.

"என்ன சொல்லுதாவ அண்ணாச்சி?" என்று உலகம்மை எழுந்து நின்றாள்.

"சந்தை பூரா உள்ளி. மேக்க போக முடியாத அம்புட்டுப் பேரும் அங்கன கொண்டுபோய்க் கொட்டியிருக்கான். மொளை விட்ட சரக்கைச் சும்மா குடுத்தாலும் எடுக்க ஆளில்ல." அவர் வண்டிச் சட்டத்தில் கையை ஊன்றிக்கொண்டார். "கட்டணத்தைக் கட்டாத, நாங்க இருக்கோம்னு சொன்னாம்லா, அவன் கடையிலயும் போய்ச் சொன்னேன். கல்லாவுல இருந்து எந்திரிச்சு உள்ள போயிட்டான்."

"அப்பம் கட்டிட்டே போயிருவமா?"

"இதைக் கொண்டுபோயா? கொல்லம் போய்ச் சேருததுக்குள்ள பாதி தண்ணியாப் போகும். கொட்டுததுக்கு எட்டணா எதுக்கு?"

உலகம்மை தான் பொறுக்கி வைத்திருந்த நாலு மூட்டையை மட்டும் தைத்துக் கட்டினாள். மீதியை அவளே இழுத்துப்போய் ஓடை ஓரத்தில் கவிழ்த்தாள். மற்ற வண்டிக்காரர்களும் அதையே செய்தார்கள். யாரும் யாரையும் ஏசவில்லை. ஒருவன் ஏசியிருந்தால்கூடச் சொரிமுத்துவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மாடுகள் வந்து மோந்துபார்த்துவிட்டுத் தலையை உதறிக்கொண்டு விலகிப்போயின.

தங்கத்தாய் அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"இந்த ஏழு வண்டிக்காரங்களும் எங்கிட்டக் கேக்கமாட்டாவ," என்றார் அவர். "வீட்டுல அவுக பொம்பளைங்க கேப்பாங்க. 'சொரிமுத்துவை நம்பினியளே'ம்பாங்க. கேக்கத்தான செய்வாங்க."

"உங்களால என்னப்பா செய்ய முடியும்?"

"அதைத்தான் நானும் அஞ்சு நாளா யோசிக்கேன்." அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "நீ ஏன்ட்டி பேசின?"

"நீங்க தரையைப் பாத்துக்கிட்டு நின்னிய."

"பேசாம இருந்திருந்தா எனக்கு உள்ளி மட்டுந்தான் போயிருக்கும்." நுகத்தடியைத் தூக்கி மாட்டின் கழுத்தில் வைத்தார். "ஏறுதியா? ஊருக்கு வாரியா கொஞ்ச நாளு?"

அவள் தலையை ஆட்டினாள். வரவில்லை என்றுதான் ஆட்டினாள். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. காலியான வண்டிகள் கடகடவென்று கிழக்கே திரும்பின. கடைசி வண்டியில் உலகம்மை நாலு மூட்டைக்கு நடுவில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். திருப்பத்தில் புளியமரங்கள் மறைக்கும்வரை தங்கத்தாய் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவள் மூங்கிலுக்கு அடியில் குனிந்து இந்தப் பக்கம் வந்தபோது, குற்றாலத்திலிருந்து சைக்கிளில் வந்த சேவகன் திரும்பிப் போய்க்கொண்டிருந்தான். மேசைமேல் இரண்டு காகித உறைகள் கிடந்தன. சுந்தரபாண்டியன் அவற்றை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இங்கன வா," என்றான்.

மத்தியானத்திலிருந்து அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. பொய்ப் பதிவுன்னு. இது எனக்கு." ஒரு உறையைத் தள்ளி வைத்தான். "இது உனக்கு."

"எனக்கா? எனக்கு எதுக்கு?"

"நீதான் சாட்சி. சத்தியம் பண்ணிச் சொல்லணும். வேற சாட்சி இல்ல."

"யாருக்கு எதிரா?"

அவன் உறையைப் பிரித்துக் காகிதத்தை அவள் பக்கம் திருப்பினான். "சம்மனைக் குடுத்துக் கையெழுத்து வாங்குதது இந்தச் சாவடி ரைட்டர் வேலை. இன்னைக்கு ஆறு மணி வரைக்கும் நான்தான் ரைட்டர். இங்கன போடு."

"நான் அங்கன என்ன சொல்லணும்?"

"அது நான் சொல்லக்கூடாது."

"வீட்டுல வச்சுமா?"

"எங்க வச்சும். இதுலேயே எழுதியிருக்கு. பிரதிவாதி சாட்சிகிட்டப் பேசி மனசைக் கலைக்கக்கூடாதுன்னு." அவன் பேனாவை மைக்கூட்டில் தோய்த்து, சொட்டும் மையை விளிம்பில் வழித்துவிட்டு, அவளிடம் நீட்டினான். "போடுட்டி. நீ போடாட்டா அதுக்கும் ஒரு குத்தம் என் மேலதான் விழும்."

அவள் பேனாவை வாங்கினாள். கல்யாணமான புதிதில் அவன்தான் அவளுக்குப் பெயர் எழுதக் கற்றுக்கொடுத்தான். ஒவ்வொரு எழுத்தாக இழுத்து எழுதி முடித்தாள். நிமிர்ந்து பார்த்தால் அழுதுவிடுவோம் என்று நிமிரவில்லை.

அவன் மையை ஒற்றினான். காகிதத்தை மடித்தான். இரண்டு உறைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டான்.

"காலையில சீக்கிரம் கெளம்பணும். மழையில உனக்கு நடக்க முடியாது," என்றான். "ஜட்காக்காரன்கிட்டச் சொல்லி வைக்கேன். ரெண்டு பேரும் ஒரே வண்டியிலயே போயிருவோம்."